திராட்டில் லாக் வாங்கப் போறீங்களா? அது எப்படி விடுதுன்னு முதல்ல பாருங்க



சுகர், பிரஷர், டெங்கு என்று எழுதிக்கொண்டிருக்கும் டாக்டர் திடீர்னு பைக் சாமான் பத்தி எழுதறானேன்னு பார்க்காதீங்க. காரணம் இருக்கு.

திங்கட்கிழமை ஓ.பி.யில் "சார், வலது கை விரலெல்லாம் மதமதன்னு இருக்கு" என்று இளவட்டங்கள் வருவதுண்டு. சனி, ஞாயிறு எங்க போனீங்கன்னு கேட்டா தனுஷ்கோடி, வால்பாறை, கன்னியாகுமரி என்று பதில் வரும். போன மாசம் ஒரு தம்பி, வயசு 26, சென்னையில் இருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பியவர், முகம் வெளுத்துப்போய் "சார், இது ஸ்ட்ரோக்கா?" என்று கேட்டார். பரிசோதித்துவிட்டு இல்லப்பா என்றதும் அடுத்த கேள்வி: "அப்போ ஒரு திராட்டில் லாக் மாட்டிட்டா சரியாகிடுமா? எது நல்லது சார்?"

பின்னாடி நாற்பது பேர் சீட்டோடு நிற்கும்போது இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியாது. அதான் இங்கே எழுதுகிறேன். நானும் டியூட்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும் ஆள்தான். அதனால அட்வைஸ் மழை பொழிவேன்னு பயப்பட வேண்டாம்.

முதலில், தெரியாதவர்களுக்கு. ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்திருக்கிறோம். கையை எடுத்தால் ஸ்பிரிங் அதை இழுத்து மூடிவிடும். அந்த ஸ்பிரிங்கை எதிர்த்து, முறுக்கிய இடத்திலேயே கிரிப்பை நிற்க வைக்கும் சாமான்தான் திராட்டில் லாக். வலது கையைக் கொஞ்ச நேரம் எடுத்து உதறிக்கலாம், தண்ணி பாட்டிலை எடுக்கலாம் என்பது விளம்பரம்.

நிறைய பேர் இதை "ஏழையின் க்ரூஸ் கன்ட்ரோல்" என்று நினைக்கிறாங்க. ரெண்டும் வேற வேற ஜாதி.

க்ரூஸ் கன்ட்ரோல் வேகத்தைப் பிடிக்கும். மேட்டில் தானே கொஞ்சம் கூட்டும், இறக்கத்தில் குறைக்கும். பிரேக்கையோ கிளட்சையோ தொட்டால் அடுத்த நொடி விலகிக்கொள்ளும். இப்போ கேடிஎம் 390 அட்வென்ச்சர், அப்பாச்சி ஆர்டிஆர் 310 மாதிரி வண்டிகளில் வருகிறது. 2025-ல் 125 சிசி கிளாமர் எக்ஸ்-லயே வந்துவிட்டது.

லாக் பிடிப்பது கிரிப்பை மட்டும். மேடு வந்தால் வண்டி திணறும். இறக்கத்தில் நீங்கள் கேட்காமலே வேகம் ஏறும். நீங்கள் பிரேக் பிடித்தது அதுக்குத் தெரியாது. ஒரு பக்கம் டிஸ்க் பிடிக்கும், இன்னொரு பக்கம் எஞ்சின் இழுத்துக்கொண்டே இருக்கும். கிளட்ச் பிடித்தால் எஞ்சின் அலறும்.

கையை விட்டதும் ஆக்சிலேட்டர் தானாக மூட வேண்டும் என்பது சும்மா வைத்த ஏற்பாடு கிடையாது. அமெரிக்காவில் அது பைக் தயாரிப்புக்கான பாதுகாப்பு விதி. விழுந்தாலும், மயங்கினாலும், தூங்கினாலும் எஞ்சின் அடங்க வேண்டும் என்பதற்காக வைத்தது. நாம காசு கொடுத்து வாங்குவது அந்தப் பாதுகாப்பைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும் பொருள்.

வாங்கவே கூடாதுன்னு சொல்ல வரலை. ஆனா கடைக்காரரும் யூடியூப்காரரும் "எவ்வளவு கெட்டியா பிடிக்குது பாருங்க" என்று காட்டுகிறார்களே, அது எனக்கு இரண்டாவது விஷயம். "எப்படி விடுது" என்பதை வைத்துத்தான் நான் தரம் பிரிப்பேன்.

சந்தையில் இருப்பதைப் பார்ப்போம்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் தகடு. கிரிப்பில் மாட்டினால் உள்ளங்கை அதன் மேல் உட்காரும். விரலால் இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கை எடையிலேயே ஆக்சிலேட்டரை அழுத்தி வைக்கலாம். இது லாக்கே கிடையாது. கையை எடுத்தால் மூடிவிடும். அந்த வகையில் பாதுகாப்பு. ஆனால் இதில் வேறொரு வில்லங்கம் இருக்கு. டவுனுக்குள் திடீர்னு பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னாடி சாயும். உள்ளங்கை அந்தத் தகடை அழுத்தும். பிரேக் பிடிக்கிற அதே நொடியில் ஆக்சிலேட்டர் கூடும். யூ-டர்ன் போடும்போதும், கேட்டுக்குள் வண்டியை ஏற்றும்போதும் இதே கதை. இது வேண்டும் என்றால் ஹைவே ஏறியதும் மாட்டுங்க, ஊருக்குள் வரும்போது கழற்றிப் பையில் போடுங்க. மாட்டியபடியே ஆபீஸுக்கும் காய்கறி மார்க்கெட்டுக்கும் ஓட்டாதீங்க.

அடுத்து கிளிப் வகை. கிரிப்பைக் கவ்விக்கொண்டு அதன் நாக்கு பிரேக் லீவர் மேல் சாய்ந்து நிற்கும். லீவர் தடுப்பதால் கிரிப் திரும்பி வராது. இலகுவானது, எந்த வண்டிக்கும் பொருந்தும், கழற்றுவது சுலபம். இருந்தாலும் எனக்குப் பிடிக்காது. உயிரைக் காப்பாற்றும் லீவர் மேல் இன்னொரு சாமானைச் சாய்த்து வைப்பதற்கு மனசு ஒப்பவில்லை.

மூன்றாவது உராய்வு வகை. தென்னாப்பிரிக்காவின் காவோக்கோ ஹேண்டில்பார் நுனியில் இருக்கும் வெயிட்டுக்குப் பதிலாக உட்காரும். ஒரு வளையத்தைத் திருப்பினால் கிரிப்பின் ஓரத்தை அழுத்திப் பிடிக்கும். அமெரிக்காவின் அட்லஸ் கிரிப்புக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கும் நடுவில் மாட்டுவது. கட்டைவிரலால் ஒரு பட்டனை அழுத்தினால் பிடிக்கும், இன்னொன்றை அழுத்தினால் விடும். இரண்டிலும் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்றுதான்: லாக் போட்டிருக்கும்போதே கையால் திருப்பினால் கிரிப் திரும்பும். பயத்தில் பட்டன் எங்கே என்று மறந்துபோனாலும் மணிக்கட்டை முன்னால் தள்ளினால் ஆக்சிலேட்டர் மூடும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் அமல் திராட்டிலில் இதே வேலைக்கு ஒரு சின்ன ஸ்க்ரூ இருந்தது. ஐடியா புதுசு இல்லை.

விலை பல ஆயிரம். அதே உருவத்தில் மலிவான நகல்களும் கிடைக்கும். நகல் என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம், ஆனால் பரிசோதிக்காமல் ரோட்டுக்குக் கொண்டு போகாதீங்க.

கடைசியாக, ஸ்க்ரூ வைத்து கிரிப்பை அசையவே விடாமல் இறுக்கும் வகை. மெக்கானிக் ஷாப்பில் யாராவது செய்து தருகிறேன் என்றாலும் வேண்டாம். கும்பிட்டுட்டு வந்துடுங்க.

பரிசோதனை எப்படி? சென்டர் ஸ்டாண்ட் போடுங்க. எஞ்சின் ஆஃப். ஆக்சிலேட்டரைப் பாதி முறுக்கி லாக் போடுங்க. இப்போ பட்டனைத் தொடாமல் கையால் மூடிப் பாருங்க. ஒரே மூச்சில், கடைசி வரை மூட வேண்டும். கிளவுஸ் போட்டுக்கொண்டு ஒருமுறை. கிளவுஸை நனைத்துவிட்டு ஒருமுறை. ஹேண்டில்பாரை இடது கடைசி, வலது கடைசி திருப்பி வைத்து ஒவ்வொரு முறை. அப்புறம் லாக்கை எடுத்துவிட்டு, முறுக்கிக் கையை விடுங்க: "டக்"னு திரும்ப வேண்டும். சோம்பேறித்தனமாக வந்தால் லாக் எங்கேயோ உரசுகிறது. கழற்றி சரியாக மாட்டும் வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

சரி, நல்ல லாக் வாங்கியாச்சு. எங்கே போடுவது?

நான்கு வழிச் சாலையில் பைக்குக்கு மத்திய அரசு 2018-ல் அறிவித்த உச்ச வேகம் 80 கி.மீ. அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறோம், கிட்டத்தட்ட இரண்டு பஸ் நீளம். தொடையில் வைத்திருக்கும் கையை எடுத்து கிரிப்புக்குக் கொண்டுபோக ஒரு விநாடி. அதற்கு முன்னால், ஆபத்து என்று மூளைக்கு உறைக்க ஒரு விநாடி. நாலு பஸ் நீளத்துக்கு பிரேக்கே பிடிக்கவில்லை, ஆக்சிலேட்டர் வேறு திறந்தபடி இருக்கிறது.

நம்ம ஹைவேயை நினைச்சுப் பாருங்க. உளுந்தூர்பேட்டை தாண்டி ரோடு நூல் பிடிச்ச மாதிரி போகும், ஆசையாத்தான் இருக்கும். அங்கேதான் மீடியன் இடைவெளியில் இருந்து ஒரு டிவிஎஸ் 50 புல்லுக்கட்டோடு வெளியே வரும். எதிர்த்திசையில் ஓரமாக ஒரு பைக் வரும். ஆடு, மாடு, நாய். கிராமத்துக்குக் கிராமம் பேரிகேட். டோல்கேட். இதெல்லாம் இல்லாமல் கண்ணுக்கு எட்டிய தூரம் காலியாக இருக்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் அரை நிமிடம், ஒரு நிமிடம்தான் தேறும். லாக் போடுவதும் அந்த அளவுக்குத்தான். கையை எடுங்க, நாலு உதறு உதறுங்க, விரலை மடக்கி விரிங்க, திரும்பப் பிடிங்க.

மழையில், மணலில், வளைவில், மலைப்பாதையில் வேண்டவே வேண்டாம். கன்னியாகுமரி போறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. காற்றுக் காலத்தில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் பக்கவாட்டில் அடிக்கிற காத்து வண்டியையே லேன் மாத்தி வைக்கும். அங்கே ரெண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கட்டும்.

ராத்திரி ரைடு. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏன்னா விடியற்காலை கேஷுவாலிட்டி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதிகாலை 2 மணி முதல் 5 மணி வரை உடம்பு தூக்கத்தைக் கேட்கும் நேரம். கண் மூடித்தான் தூங்க வேண்டும் என்றில்லை, மூன்று நாலு விநாடி மூளை மட்டும் அணைந்துபோகும். லாக் இல்லாத வண்டியில் கண் அசரும்போது பிடி தளரும், ஆக்சிலேட்டர் மூடும், வண்டி உதறும், பல நேரம் அதுவே எழுப்பிவிடும். லாக் போட்ட வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும், முன்னால் லாரி நின்றாலும். சூரியன் மறைந்தால் லாக்கைத் தொடக்கூடாது என்பது என் சொந்தச் சட்டம்.

இப்போ என் ஏரியாவுக்கு வர்றேன். கை ஏன் மரக்குது?

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான சுரங்கம் இருக்கிறது. விரல்களை மடக்கும் தசைநாண்களோடு மீடியன் என்ற நரம்பும் அதற்குள் போகிறது. மணிக்கட்டைப் பின்னால் வளைத்து மணிக்கணக்கில் பிடித்தால் உள்ளே அழுத்தம் கூடும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரக்கும். சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்தால் அது அல்நார் நரம்பு. உள்ளங்கையின் அடிப்பகுதியை ஹேண்டில்பாரில் ஊன்றி எடையைப் போடுவதால் வருவது. சைக்கிள் பந்தயக்காரர்களுக்கு வரும் அதே பிரச்சினை. இரண்டும் இல்லாமல் முழங்கைக்குக் கீழே கல் மாதிரி இறுகி வலிச்சா அது தசை. விடாமல் இறுக்கிப் பிடித்த தசைக்கு ரத்த ஓட்டம் குறைகிறது.

அதாவது பிரச்சினை கையை எடுக்க முடியாததில் மட்டும் இல்லை, பிடிக்கிற விதத்திலும் இருக்கிறது. லாக் வாங்கும் முன் இதைப் பாருங்க:

ஆக்சிலேட்டர் கேபிள் காய்ந்து போயிருக்கா? மெக்கானிக்கிட்ட சொல்லி கேபிளுக்கு ஆயில் விடுங்க. பழையதுன்னா மாத்துங்க. முறுக்கவே பலம் தேவைப்படும் வண்டியை எட்டு மணி நேரம் ஓட்டினா யாருக்கும்தான் வலிக்கும். லாக் வேண்டும் என்று என்னிடம் கேட்ட நண்பர் ஒருவருக்கு, கேபிள் மாற்றியதோடு அந்த ஆசையே போய்விட்டது.

பிரேக் லீவர் ரொம்ப மேலே தூக்கி இருக்கா? உட்கார்ந்து கையை நீட்டினால் முழங்கையில் இருந்து விரல் வரை நேர்கோடாக வர வேண்டும். ஸ்பேனரில் ஐந்து நிமிட வேலை, காசே இல்லை. கிரிப் மேல் ஒரு ஃபோம் உறை போட்டால் அதிர்வு குறையும். ரொம்ப டைட்டான கிளவுஸ் வேண்டாம். எடையை முதுகிலும் தொடையிலும் தாங்குங்க, முட்டியால் டேங்கைப் பிடிங்க, கை சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்குங்க. டீ குடிக்கணும்னு கட்டாயம் இல்லை, நடந்தாலே போதும்.

இவ்வளவும் செய்தபிறகும் கை கேட்கிறது, மாசம் ரெண்டு தடவை 500 கி.மீ. ஓட்டுகிறேன் என்பவர்கள் உராய்வு வகை லாக் வாங்குங்க. நான் தடுக்க மாட்டேன்.

லாக் போட்டாலும் தீராத மரப்பு இருக்கிறது. இறங்கி உதறி அரை மணி நேரம் ஆகியும் போகவில்லை, ராத்திரி தூக்கத்தில் கை மரத்து எழுப்புது, சட்டை பட்டன் போட முடியல, கையில் இருந்து பொருள் நழுவுது என்றால் டாக்டரைப் பாருங்க. சுகர், தைராய்டு இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மணிக்கட்டு நரம்பு சீக்கிரம் அழுந்தும். இருபத்தாறு வயசுதானேன்னு சுகர் டெஸ்ட்டைத் தள்ளிப் போடாதீங்க. ஒரு பக்கக் கை திடீரென பலமிழந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குளறினாலோ ரைடு வலி என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. லாக் மாட்டிய வண்டியைத் தம்பிக்கோ, பக்கத்து வீட்டு அண்ணனுக்கோ, சர்வீஸ் சென்டர் பையனுக்கோ சாவி கொடுக்கும்போது அதைக் கழற்றிவிட்டுக் கொடுங்க. கழற்ற முடியாத வகை என்றால் பக்கத்தில் நின்று, இது இப்படிப் பிடிக்கும், இப்படி விடும் என்று கையால் ஒருமுறை செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்புங்க.