கூடைக்கு மட்டும் பேரம்

மாசி மகத்துக்கு விருத்தாசலம் மணிமுத்தாற்று மணலில் வந்து பாருங்கள். பிளாஸ்டிக் குடத்துக்குச் சொன்ன விலையைக் கொடுக்கிறவர், இரண்டடி தள்ளி முறமும் கூடையும் பரப்பி வெயிலில் குந்தியிருக்கிற எங்கள் கம்மாபுரம் பக்கத்துப் பொம்பளையிடம் மட்டும் கேட்கிறார்: "மூங்கி குச்சிக்கு இவ்ளோவா?" மூங்கில் காசு போட்டு வாங்கினது சாமி. பிளந்து, சீவி, முடைந்த பொழுதுக்கு? அது பிறப்போடு வந்ததாம், கூலி கிடையாதாம்.

இதே கூடை நகரத்துக் கண்காட்சியில் விளக்கடியில் ஏறினால் 'பாரம்பரியக் கலை'. அங்கே பேரம் பேச அதே வாய் கூசுகிறது.

நான் வங்கிக் குமாஸ்தா. கடன் மனுக்களோடு காலம் தள்ளுகிறவன். 2023இல் வந்த பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள்: கூடை முடைதல், செருப்பு, சலவை, சவரம் எல்லாம் உண்டு. வட்டி 5 சதவீதம். நல்லதுதானே என்பீர்கள். ஆனால் குடும்பத் தொழிலாக இருக்கணும். வயது 18 ஆனால் போதும். பதினெட்டில் எங்கள் பிள்ளை கல்லூரிக்குப் போகணுமா, அப்பன் பிடித்த கத்தியைப் பிடிக்கணுமா? பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று 1953இல் ராஜாஜி கொண்டுவந்ததை 1954இல் விரட்டினோமே, அது வேறு வாசல் வழியாக வருகிறது.

தமிழக அரசு மறுத்தது. வயதை 35 ஆக்கி, குடும்பத் தொழில் நிபந்தனையை நீக்கி, 2025இல் கலைஞர் கைவினைத் திட்டம் கொண்டுவந்தது. சரிதான். ஆனால் கடன் வாங்கி முடைந்த கூடையும் இதே மணலுக்குத்தானே வரணும்? திருவிழாவில் எங்களுக்கு நிழலோடு கடை வேண்டும், எழுதித் தொங்கவிட்ட விலை வேண்டும். குறைத்துக் கேட்கிறவர்கள் முதலில் பிளாஸ்டிக் கடையில் கேட்டுவிட்டு வரட்டும்.