கயிறு கட்டி காரை இழுக்கலாமா? சட்டம் சொல்வது என்ன, கியர்பாக்ஸ் என்ன ஆகும்?

உறையூர் சாலை ரோட்டில் பீக் ஹவரில் ஒரு கார் நின்றுபோனால், பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் முதல் யோசனை: "கயிறு கட்டி இழுத்துடலாம்ங்க." மெக்கானிக் ஷாப் ரெண்டு தெரு தள்ளித்தானே என்று நாமும் தலையாட்டிவிடுவோம். மேனுவல் கியர் கார்களுக்கு இது ஓரளவு ஒத்துவரும். ஆட்டோமேட்டிக், எலெக்ட்ரிக் கார்களில் அந்தக் கயிறே பெரிய செலவு வைத்துவிடலாம்.

வெளிநாட்டு வீடியோக்களில் இழுக்கிறார்களே?

அமெரிக்காவில் மோட்டார்ஹோமுக்குப் பின்னால் நான்கு சக்கரமும் ரோட்டில் உருள ஒரு கார் வருவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்குப் பெயர் 'ஃபிளாட் டோயிங்'. கயிறு அல்ல, இரும்பு டோ பார் மாட்டியிருப்பார்கள். பின் காருக்குத் தனி பிரேக் கருவி, விளக்கு இணைப்பு எல்லாம் இருக்கும். ஜீப் ராங்லர் மாதிரி, தயாரிப்பு நிறுவனமே அனுமதித்த மாடல்களை மட்டுமே இப்படி இழுப்பார்கள்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது?

கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டம் கொண்டுவந்த பிறகு, 'நம்ம காரையும் பின்னாடி கட்டிக்கலாமா?' என்ற கேள்வி வருகிறது. முடியாது. 2017 மோட்டார் வாகன (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகள்படி, பதிவு பெற்ற டிரெய்லர் போன்றவை தவிர, பழுதான அல்லது முழுமையாகப் பொருத்தப்படாத வண்டியைத்தான் இழுக்கலாம். அதுவும் டெலிவரிக்காக, அல்லது அருகிலுள்ள ஒர்க் ஷாப், பெட்ரோல் பங்க் வரை மட்டுமே.

- இழுக்கப்படும் வண்டியின் ஸ்டீயரிங்கில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கியிருக்க வேண்டும்.
- இரு வண்டிகளுக்கு இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது.
- வேகம் மணிக்கு 25 கி.மீ.-ஐ தாண்டக் கூடாது.
- கயிறு பளிச்சென்று தெரிய வேண்டும்; பின்னால் 'ஆன் டோ' என்று எழுதியிருக்க வேண்டும்.

கியர்பாக்ஸ் ஏன் கெடுகிறது?

வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயிலைச் சுற்றவிடும் பம்ப், இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும். இன்ஜின் ஆஃப். ஆனால் சக்கரம் சுற்றுவதால் உள்ளே பாகங்கள் ஆயில் இல்லாமல் உரசும், சூடாகும். நியூட்ரலில் போட்டாலும் இதே கதைதான். எலெக்ட்ரிக் காரில் சக்கரத்தோடு மோட்டாரும் சுற்றி மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கும். அதனால் உள்ளிருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் பாதிக்கப்படலாம். இந்த வகை கார்களுக்கு, நான்கு சக்கரத்தையும் மேலே ஏற்றும் ஃபிளாட்பெட் வண்டிதான் பாதுகாப்பு.

மேனுவல் காரிலும் ஒரு ஆபத்து உண்டு. இன்ஜின் ஓடாதபோது பிரேக்கை சில முறை மிதித்ததும் பெடல் கல் மாதிரி ஆகிவிடும், ஸ்டீயரிங்கும் கனக்கும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

இழுக்கும் வண்டியின் வழக்கமான பாலிசி, கூலி வாங்காமல் பழுதான ஒரு வண்டியை இழுப்பதை ஏற்கிறது. ஆனால் இழுக்கப்படும் காருக்கு ஏற்படும் சேதத்துக்கு அந்தப் பாலிசி பணம் தராது. உதவிக்கு வந்த நண்பரிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

அப்போ என்ன பண்ணணும்?

ஹஸார்ட் லைட் போட்டு, நாலு பேர் சேர்ந்து காரை ஓரமாகத் தள்ளுங்கள். அந்தக் கொஞ்ச தூரம் பிரச்னை இல்லை. ஊருக்குள் என்றால் இன்சூரன்ஸ் அல்லது கார் நிறுவனத்தின் ரோடுசைடு அசிஸ்டன்ஸ் எண்ணுக்கு அழைத்து, "ஃபிளாட்பெட் அனுப்புங்க" என்று தெளிவாகக் கேளுங்கள். திருச்சி–சென்னை போன்ற தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033. காரோடு வந்த மேனுவலில் டோயிங் பக்கத்தை இன்றே ஒரு போட்டோ எடுத்து மொபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.