கோல லங்காட்டில் மழையாம், எந்தச் சாலையில்?

மாலை நான்கு மணி. வானம் கறுக்கிறது. கோல லங்காட்டில் இடியுடன் கூடிய கனமழை பெய்யலாம் என்று மெட்மலேசியாவின் எச்சரிக்கை கைப்பேசிக்கு வருகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? பார்த்துவிட்டு மூடிவிடுவீர்கள். நானும் அப்படித்தான்.

அதற்குக் காரணம் உண்டு. பந்திங், மோரிப், ஜெஞ்சாரோம், தெலுக் பங்லிமா காராங் எல்லாமே கோல லங்காட்தான். இடிமேகமோ சில கிலோமீட்டர் அகலமே இருக்கும்; பல நேரம் ஒரு மணி நேரத்திற்குள் கரைந்துவிடும். மோரிப்பில் கொட்டும்போது நம் வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும்.

குளிர் நாடுகளில் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளிக்கிறார்கள் தெரியுமா? சாலைக்குள்ளேயே உணர்கருவிகளைப் பதித்துத் தரையின் வெப்பநிலையை அளக்கிறார்கள். இன்றிரவு எந்தச் சாலை உறையும் என்று கணித்து, உறைவதற்கு முன்பே லோரியில் போய் உப்புத் தூவுகிறார்கள். உப்பு நீரின் உறைநிலையைக் குறைக்கும் என்று நீங்கள் வகுப்பில் படித்ததுதான். அங்கே முன்னறிவிப்பு முதலில் போய்ச் சேருவது சாலைப் பணியாளரிடம்.

நமக்குப் பனி இல்லை. ஆனால் கிள்ளான்–பந்திங் சாலையில் தண்ணீர் தேங்கினால் குழி தெரியாது. லோரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் வரும் உங்கள் அண்ணனுக்கு அந்தக் குழி போதும். ஈரத்தில் போட்ட தார் ஒட்டு நிற்காது. அடுத்த இரண்டு மணி நேரம் காயுமா என்பது குழி அடைப்பவருக்குத் தெரிய வேண்டும். வடிகால் வாயில் அடைத்த குப்பையையும் மழைக்கு முன்புதான் எடுக்க முடியும்.

நம் பகுதிக்கு இன்னொரு சங்கதியும் உண்டு, கடல். பெருக்கு உச்சத்தில் இருக்கும்போது கடல்நீர் உள்ளே வராதபடி வடிகால் மதகுகளை மூட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கனமழை பெய்தால் தண்ணீருக்குப் போக்கிடம் ஏது? பெருக்கு நேரங்கள் ஓராண்டுக்கு முன்பே கணக்கிடப்பட்டு அட்டவணையாக வந்துவிடுகின்றன. தெரியாதது மழை மட்டுமே. அதையும் ராடார் படங்களை வைத்து ஒரு மணி நேரத்திற்கு ஓரளவு நம்பிக்கையுடன் சொல்லலாம். ஹாங்காங் வானிலை ஆய்வகம் 1999 முதலே ‘சுவேர்ல்ஸ்’ என்ற அமைப்பால் இதைச் செய்து வருகிறது.

கணிப்பு பொய்த்தால் வீண் செலவுதானே என்பார்கள். பத்து முறையில் ஆறு முறை பொய்க்கட்டும். அந்த ஆறு முறையும் வடிகால் சுத்தமாகியிருக்கும், அவ்வளவுதான். மீதி நான்கு முறையை நினைத்துப் பாருங்கள். 2021 டிசம்பர் 18 அன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் சாலைகளில் இரவெல்லாம் வண்டிக்குள் சிக்கித் தவித்தவர்களைக் கேட்டால் தெரியும். மாவட்டத்தின் பெயரோடு நிற்காமல், சாலையின் பெயரோடும் பெருக்கு நேரத்தோடும் எச்சரிக்கை வர வேண்டும். அது முதலில் மண்வெட்டி பிடிப்பவரின் கைப்பேசிக்குப் போக வேண்டும் என்பதே என் கருத்து.

முடியுமா என்று நீங்களே சோதிக்கலாம். மெட்மலேசியா இணையத்தளத்தில் ராடார் படம் இலவசம். அடுத்தடுத்த இரண்டு படங்களை எடுத்து, மழைத்திட்டு எவ்வளவு தூரம், எந்தத் திசையில் நகர்ந்தது என்று அடிக்கோலால் அளந்து வேகத்தைக் கணக்கிடுங்கள். உங்கள் பள்ளிக்கு எத்தனை மணிக்கு வரும் என்று எழுதி வைத்துவிட்டு, ஜன்னலோரம் உட்காருங்கள்.