யாருக்காக அழுதன ஏடுகள்?

1959 ஏப்ரல் 27. பம்பாயில் தன் மனைவியோடு தொடர்பு வைத்திருந்த பிரேம் அகுஜாவைச் சுட்டுக் கொன்றார் கடற்படைக் கமாண்டர் நானாவதி. ‘பிளிட்ஸ்’ ஏடு அவரை மானங்காத்த வீரராக்கிற்று. 25 பைசா இதழ் 2 ரூபாய்க்கு விற்றது என்பார்கள்! ஜூரிகள் எட்டுப் பேர் குற்றவாளியல்ல என்றனர். ஒருவர் மட்டும் மறுத்தார். உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனை தந்தது. 1961-இல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் 1964-இல் ஆளுநர் மன்னித்தார்.

தாராவித் தோழன் அடிதடி வழக்கில் சிக்கினால் எந்த ஏடு அழும்? ‘மதராசி கைது’ என்று இரண்டு வரி. விடுதலையானால் அந்த இரண்டு வரியும் கிடையாது.

அந்த இரண்டு வரியை நம்பி நாமே அவன் வீட்டுக்குப் போவதை நிறுத்தலாமா? சாட்சி சொல்லவும் ஜாமீனுக்கு நிற்கவும் நம் தெருவில் ஆளில்லையா?