நாலு மாத்திரையை ஒண்ணாக்குங்கப்பா!

மக்களே, இன்னைக்கு மாத்திரைப் பதிவு. கொட்டாவி விடாம படிங்க, எங்க அம்பாசமுத்திரத்துல இது தெருவுக்குத் தெரு உள்ள சங்கதி.

நெஞ்சுவலி வந்து, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில பிழைச்சு வர்றாங்க. கையில ஒரு பை மாத்திரை. ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு, கொழுப்புக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணோ ரெண்டோ. மூணு மாசம் ஒழுங்கா நடக்கும். அப்புறம் "இப்பத்தான் நல்லாருக்கேனே"ன்னு ஒண்ணொண்ணா நிக்கும். நான் பாத்தவரைக்கும் முதல்ல நிக்குறது கொழுப்பு மாத்திரைதான். நிறுத்தினாலும் உடம்புக்கு ஒண்ணும் தெரியாதுல்லா!

இதுக்குத்தான் எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்த 'பாலிபில்'. அகமதாபாத் காடிலா கம்பெனியின் பாலிகேப் மாத்திரையை 2053 இந்தியர்களிடம் சோதித்த முடிவு 2009-லேயே வந்துவிட்டது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் நடந்து 2013-ல் வெளிவந்த அம்பயர் ஆய்வில், கூட்டு மாத்திரை வாங்கியவர்களில் 86 சதவீதம் பேர் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். வழக்கம்போல வாங்கியவர்களில் 65 சதவீதம்தான். 2022-ல் வந்த செக்யூர் ஆய்வில், ஏற்கெனவே அட்டாக் வந்தவர்களுக்கு மறு அட்டாக், பக்கவாதம், இதயநோய்ச் சாவு போன்ற ஆபத்துகள் 24 சதவீதம் குறைந்தன. 2023-ல் உலக சுகாதார நிறுவனமே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இன்னும் என்ன வேணும்?

நம்ம அரசாங்கத்தைக் குறை மட்டும் சொல்ல மாட்டேன். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. நெஞ்சுவலின்னு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனா, உடனே 14 மாத்திரை குடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். நெல்லைக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல போகவேண்டிய எங்களுக்கு அது பெரிய விஷயம். அந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு யோசிச்சவங்க, பிழைச்சவர் வாழப்போற அடுத்த இருபது வருஷத்துக்கும் யோசிக்க வேண்டாமா? வீட்டுக்கு வர்ற அதே பையில இந்த ஒரு மாத்திரையும் ஏறணும். உள்ள இருக்குறது எல்லாம் பேட்டன்ட் முடிஞ்ச பழைய மருந்துதான். மொத்தமா வாங்கினா விலையும் குறையும்.

"ஆளுக்கு ஆள் அளவை மாத்த முடியாதே, சிலருக்கு இருமல் வரும், ஆஸ்பிரின் ரத்தக்கசிவு உண்டாக்கும்"னு டாக்டர்கள் சொல்றது நியாயம்தான். அதனால ரெண்டு மூணு அளவுல வரணும். டாக்டர் பாத்துத்தான் எழுதணும். நல்லா இருக்குறவர் கடையில வாங்கி முழுங்குற மிட்டாய் இல்ல இது.

விடியக்காலம் வயலுக்குப் போற பெரியவர், பீடித்தட்டோட உக்கார்ற அக்கா, இவங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணி, ஒரே ஒரு மாத்திரை. அவ்வளவுதான் கேக்கேன்.

டாக்டர் பதிவர்கள் யாராச்சும் இருந்தா பின்னூட்டத்துல வந்து திட்டுங்க, கேட்டுக்கிடுதேன் :)