செஞ்சோற்றுக் கடன் அல்ல

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் நம்மவர்களும் வருகிறார்கள். ஆசிரியர், மின்வாரியம், எல்.ஐ.சி., வங்கி, தாலுகா ஆபீஸ் என்று மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். ஐந்தருவியில் குளிக்கிறார்கள், பழைய குற்றாலம் போகிறார்கள், நேந்திரங்காய் சிப்ஸ் வாங்குகிறார்கள், தென்காசி வழியாக ஊர் திரும்புகிறார்கள். இவர்களில் பலர் தலையெடுத்ததே இந்த வட்டாரத்து ஆதிதிராவிடர் நல விடுதிகளில்தான். அருவிக்கும் விடுதிக்கும் நடுவே ஐந்தாறு கிலோமீட்டர். அந்தத் தூரத்தைக் கடக்க நமக்கு இருபது வருஷம் போதவில்லை.

நேரமில்லை என்பது பொய். கூச்சம் என்பதே உண்மை. குடியேறிய தெருவில் கேட்டால் 'ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சேன்' என்கிறோம். எந்த ஹாஸ்டல் என்பதை முழுங்கிவிடுகிறோம். சொன்னால் சாதி தெரிந்துவிடும், வாடகை வீடு போய்விடும். 2025 ஜூலையில் நல விடுதிகள் எல்லாம் 'சமூகநீதி விடுதிகள்' என்று அழைக்கப்படும் என அரசு அறிவித்தது. நல்லதுதான். ஆனால் பலகை மாறினால் உலையில் வேகிற அரிசி மாறிவிடுமா? விடுதியில் தங்கும் பள்ளி மாணவருக்கு உணவுச் செலவு மாதம் 1,400 ரூபாய் என்று 2023இல்தான் உயர்த்தினார்கள். நாளுக்கு ஐம்பது ரூபாய்கூட வராது, மூன்று வேளைக்கு. அதிலும் எவ்வளவு தட்டுக்கு வந்து சேருகிறது என்பது தனிக் கதை.

'செஞ்சோற்றுக் கடன்' என்றொரு சொல்லைக் காலகாலமாக நம் காதில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சோறு போட்ட துரியோதனனுக்காகக் கர்ணன் உயிரைக் கொடுத்தான், நீயும் கொடு என்கிற நியாயம் அது. ஆண்டைக்கு வசதியான நியாயம். விடுதிச் சோற்றுக்கு அது பொருந்தாது. அது எந்த மந்திரியும் போட்ட பிச்சை இல்லை. 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவுக்குள் போன அம்பேத்கர், தாழ்த்தப்பட்ட மாணவர்களின் உயர்கல்விக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி மனு எழுதி, வாதாடி வாங்கியதன் தொடர்ச்சி அது. நம் அப்பன் ஆத்தா தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் கொடுத்த வரி அதில் இருக்கிறது. ஆகவே எந்த அரசுக்கும் எந்தக் கட்சிக்கும் நாம் கடன்பட்டவர்கள் இல்லை.

ஆனால் கடன் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. நாம் படுத்த அதே தரையில் இன்று பாய் விரித்துப் படுக்கிற பிள்ளைக்கு நாம் பட்ட கடன் அது.

1956 மார்ச் 18 அன்று ஆக்ராவில் அம்பேத்கர் இதைத்தான் மனம் நொந்து பேசினார். படித்தவர்கள் சமூகத்துக்கு உழைப்பார்கள் என்று நம்பினேன், வயிறு வளர்க்கும் குமாஸ்தாக் கூட்டமாகிவிட்டார்கள் என்ற பொருளில் பேசினார். வங்கியில் குமாஸ்தா வேலை பார்க்கிற எனக்கு அந்தச் சொல் இன்றும் சுடுகிறது. கன்ஷிராமும் தோழர்களும் 1978 டிசம்பர் 6இல் பாம்செஃப் அமைப்பைத் தொடங்கியபோது அரசு ஊழியர்களிடம் கேட்டதும் இந்தக் கடனைத்தான்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிறவெறியால் ஒதுக்கப்பட்ட கறுப்பு மாணவர்கள் ஏழு பேர் 1906இல் 'ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா' என்ற சகோதரத்துவ அமைப்பைத் தொடங்கினார்கள். ஒருவருக்கொருவர் படிப்பில் கைகொடுத்துத் தாக்குப்பிடிப்பதற்கான ஏற்பாடு அது. பட்டம் வாங்கியதும் உறவு முடிவதில்லை. முன்னாள் மாணவர்களுக்கென்றே ஊருக்கு ஊர் கிளைகள் உண்டு, ஆயுள் முழுக்க உறுப்பினர்தான். மார்ட்டின் லூதர் கிங் அந்த அமைப்பில் இருந்தவர். வாஷிங்டனில் 2011இல் திறக்கப்பட்ட அவருடைய நினைவிடத்துக்கு முன்முயற்சி எடுத்ததும் அவர்களே. நம்மைப் போல ஒதுக்கப்பட்டவர்கள்தான். அவர்கள் அந்த அடையாளத்தை மறைக்கவில்லை, அதன் மேலேயே கூடினார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பக்கத்திலுள்ள விருதுநகரில் நாடார் வணிகர்கள் வியாபாரத்தில் மகமை எடுத்துச் சேர்த்து 1889இல் க்ஷத்ரிய வித்தியாசாலையை ஆரம்பித்தார்கள். அவர்களுக்குக் கடை இருந்தது. நமக்குக் கடை இல்லை, சம்பளச் சீட்டுதான் இருக்கிறது. விடாமல் மாதாமாதம் எடுத்துவைப்பது, கணக்கைப் பொதுவில் வைப்பது: இதை அவர்களிடம் கற்கலாம். சாதிப் பெருமையாக இறுகிப்போவதை மட்டும் கற்க வேண்டாம்.

அதிலும் நாம் யோக்கியர்கள் இல்லை. விடுதியில் ஒரே குண்டானில் சாப்பிட்ட பள்ளரும் பறையரும் அருந்ததியரும் வேலைக்குப் போனதும் தனித்தனிச் சங்கத்தில் சந்தா கட்டுகிறோம். பெண்கள் விடுதியில் வளர்ந்த தங்கச்சிமார் கல்யாணத்தோடு தொடர்பே இல்லாமல் போகிறார்கள். ஆண்கள் கூடிப் பேசி, ஆண்களே பொறுப்பெடுத்துக்கொள்கிற முன்னாள் மாணவர் சங்கம் நமக்குத் தேவையில்லை. சகோதரத்துவம் இல்லாமல் சுதந்திரமும் சமத்துவமும் நிலைக்காது என்று 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் சொன்னவரின் படத்தை மாட்டிக்கொண்டு, உட்சாதி வாரியாகவா கூடுவது?

சரி, போய் என்ன செய்வது? உபயம் என்று எழுதிய எழுத்து வெளிச்சத்தையே மறைக்கிற கோயில் டியூப்லைட் மாதிரியான தானம் வேண்டாம். கூரை, கழிப்பறை, கட்டில், சாப்பாடு எல்லாம் அரசு செய்ய வேண்டியது. முன்னாள் மாணவர்களே, பள்ளிக்கு உதவ வாருங்கள் என்று 2022இல் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தில் அரசே அழைத்தது. நம் பையில் கைவிடுவது அரசுக்குச் சுலபம். நாம் சுவருக்கு வெள்ளையடித்தால் அதற்கான ஒதுக்கீடு எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்க வேண்டியது நாம்.

உள்ளே இருக்கிற பையன் கேட்க முடியாது. கேட்டால் அவன் பெட்டி வெளியே வரும். வெளியே இருக்கிற நம்மை எந்த வார்டனும் ஒன்றும் செய்ய முடியாது. மாதம் ஒருமுறை போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். குறையை எழுதி, நாலு பேர் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் கொடுங்கள். பதில் வராவிட்டால் 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

அடுத்தது காகித வேலை. பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்பதற்கு அறிவுக்குறைவு காரணமில்லை, காகிதக்குறைவுதான் பல நேரம் காரணம். கல்வி உதவித்தொகை வரவில்லை என்று கவுண்டருக்கு வருகிற பையனின் கணக்கைத் திறந்து பார்த்தால், இரண்டு வருஷமாக வரவு செலவு இல்லாமல் அது செயலற்றுக் கிடக்கும். அல்லது ஆதார் கடைசியாக இணைந்த வேறொரு கணக்குக்குப் பணம் போயிருக்கும். பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து. அரைமணி நேர வேலை. அது தெரியாமல் ஒரு பிள்ளை திருப்பூருக்கு பஸ் ஏறிவிடுகிறது. நம் ஆபீஸ்களில் தினமும் நாம் பார்க்கிற வேலைதான் இது. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதித் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

போகும்போது ஆரஞ்சுப் பழமும் சால்வையும் வேண்டாம். பேனாவும் கொஞ்சம் வெள்ளைத்தாளும் கொண்டுபோங்கள். 'நான் இந்த விடுதியில் படித்தவன்', 'நான் இந்த விடுதியில் படித்தவள்' என்று வாசலிலேயே சத்தமாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போங்கள்.