நாய்ச் சொறிக்கு எடுத்தவுடன் மாத்திரையா?

தோட்டத்து நாய் வயிற்றையும் தொடையையும் விடாமல் நக்குகிறது. புரட்டிப் பார்த்தால் சீழ் வைத்த சிறு கொப்புளங்கள். வட்ட வட்டமாக முடி கொட்டிச் செதில் எழும்பிய தோல். என்ன செய்கிறீர்கள்? வீட்டில் யாருக்கோ வாங்கி மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையைச் சோற்றில் பிசைந்து வைக்கிறீர்கள். மூன்றாம் நாள் புண் காய்கிறது, மாத்திரையும் நிற்கிறது. அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடி கொப்புளம். இந்த முறை மாத்திரை கேட்பதில்லை.

இந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற பாக்டீரியா. நல்ல நாயின் மூக்கிலும் வாயிலும் தோலிலும் இயல்பாகவே இருப்பதுதான். உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறிப்பூச்சி, ஒவ்வாமை என ஏதோ ஒன்று தோலைக் கெடுத்தால் பெருகிவிடும். உண்ணியை அப்படியே விட்டுவிட்டு மாத்திரை கொடுப்பது, மடை உடைப்பை அடைக்காமல் வயலுக்குத் தண்ணீர் இறைப்பது போலத்தான்.

இந்த பாக்டீரியா மெக்-ஏ என்ற மரபணுவைப் பெற்றுவிட்டால் செஃபலெக்சின், அமாக்சிசிலின் போன்ற வழக்கமான மருந்துகள் வேலை செய்யாது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 2000-களின் நடுவிலிருந்து பரவிய இந்த வகை, இந்தியாவிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. பல சமயம் வேறு குடும்பத்து மருந்துகளுக்கும் சேர்த்தே அடங்காது.

அப்படியானால் வழி? மேலோட்டமான தோல் புண்ணுக்கு முதல் மருந்து குளியல்தான் என்பது என் கருத்து. கால்நடை மருத்துவ வழிகாட்டுதல்களும் இப்போது அதையே சொல்கின்றன. 2 முதல் 4 சதவீத குளோர்ஹெக்சிடின் கலந்த நாய் ஷாம்பு, வாரம் 2, 3 முறை. நுரையைத் தேய்த்து 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். கண்ணிலும் காதிலும் படக்கூடாது. அந்த 10 நிமிடத்தில்தான் நாமெல்லாம் ஏமாற்றுகிறோம். நாய் உதறுகிறது, நமக்கும் வேலை கிடக்கிறது!

கிருமிநாசினிக்கும் எதிர்ப்பு உண்டு. சில பாக்டீரியாக்கள் உள்ளே புகுந்த மருந்தை மோட்டார் போல வெளியே இறைத்துத் தள்ளும் மரபணுக்களை வைத்திருக்கின்றன. சரியான அளவில், சரியான நேரம் வைத்தால் அந்த மோட்டாரால் பொதுவாக ஈடுகொடுக்க முடியாது. சிக்கனமாக நீர்த்து, உடனே கழுவினால் தாக்குப்பிடிக்கும். ஃபினாயில் தரைக்கானது. கழிவு ஆயில் எதற்குமே ஆகாது. தோலைப் பொசுக்கும், நக்கினால் வயிற்றுக்குள் போகும்.

கால்நடைப் பணியாளர்களிடமும் ஒரு குறை உண்டு. புண்ணைக் கண்டதும் என்ரோஃப்ளாக்சசின் ஊசி போடும் பழக்கம் நல்லதல்ல. அது பிறகு தேவைப்படும்போது கைவசம் இருக்க வேண்டிய மருந்து. குளித்தும் ஆறாத புண், திரும்பத் திரும்ப வரும் புண் என்றால் சீழ் எடுத்து எந்த மருந்து கேட்கும் என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன; உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். செலவும் அலைச்சலும் உண்டு, மறுக்கவில்லை. கேட்காத மாத்திரைக்கு மூன்று முறை கொடுத்த காசையும் கணக்கில் சேருங்கள். ஏற்கெனவே என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவர் மாத்திரை எழுதினால், அவர் சொன்ன நாள்வரை முழுதாகக் கொடுங்கள்.

இந்தக் கிருமி அபூர்வமாக மனிதரையும் பிடிக்கும். நாயின் புண்ணைத் தொட்ட கையோடு குழந்தையைத் தூக்கவோ பால் கறக்க உட்காரவோ வேண்டாம். சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள்.